மலக்குடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி: யாருக்கு ஆபத்து அதிகம்?

2018 மார்ச்சில் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக ட்விட்டரில் அறிவித்தார். இந்தியாவில் பலரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான். நியூரோ என்றால் எப்போதும் மூளை அல்ல என்று அதே பதிவில் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

ஹார்மோன் சுரக்கும் சில செல்கள் உடல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் உருவாகும் கட்டிதான் இது. கணையம், நுரையீரல், சிறுகுடல் என எங்கும் வரலாம். மலக்குடலிலும் வரும்.

எண்ணிக்கை ஏன் கூடுது?

அமெரிக்காவில் 1973-ல் லட்சம் பேருக்கு 1.09 என்று பதிவான இந்த வகைக் கட்டிகள், 2012-ல் 6.98 ஆகிவிட்டன. இது எல்லா உறுப்புகளுக்கும் சேர்த்த கணக்கு. மலக்குடல் கட்டிகளும் இதில் வேகமாக ஏறியிருக்கின்றன. பார்த்ததும் பயமா இருக்கும். ஆனால், டேட்டாவில் இப்படி ஒரு ஏற்றத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, 'நோய் கூடியதா, தேடுவது கூடியதா?' என்பதைத்தான். மலக்குடல் கட்டிகளில் பெரும்பாலானவை 1 செ.மீ.-க்கும் சிறியவை, எந்த அறிகுறியும் தராதவை. வேறு காரணத்துக்காக கொலோனோஸ்கோபி செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் படுபவை. கொலோனோஸ்கோபி பெருகினால் இவையும் பெருகத்தான் செய்யும்.

சரி, யாருக்கு வருது?

இந்தக் கேள்விக்கான ஆய்வுகள் பெரும்பாலும் தென் கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளில் ஹெல்த் செக்-அப்புக்கு வந்தவர்களிடம் நடந்தவை. உடல் பருமன், ரத்தக் கொழுப்பு, கொழுப்புக் கல்லீரல், புகை, மது, குடும்பத்தில் புற்றுநோய் ஆகியவற்றோடு தொடர்பு தெரிகிறது. ஆனால் ஓர் ஆய்வில் தெரிந்தது இன்னொன்றில் தெரிவதில்லை. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றும் ஆகாது. அமெரிக்கத் தரவுகளில் வெள்ளையர்களைவிட ஆசிய வம்சாவளியினருக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிகம் பதிவாகிறது. இதற்கும் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. மரபணு காரணம் அரிது.

வருவதற்கான ஆபத்து வேறு, பரவுவதற்கான ஆபத்து வேறு. நோயாளிக்கு முக்கியம் இரண்டாவதுதான், அங்கே தரவுகளும் உறுதியாகப் பேசுகின்றன. கட்டியின் அளவே முதல் அளவுகோல். 1 செ.மீ.-க்குள் இருந்தால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு, 2 செ.மீ.-ஐத் தாண்டினால் நிலைமையே வேறு. அடுத்து, தசை அடுக்குக்குள் இறங்கியிருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைச் சொல்லும் 'கேஐ-67' என்ற எண்ணும் பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும். 3 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது கிரேடு 1, மெதுவாக வளரும் வகை.

இந்தியாவில்?

நம் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை, குடலுக்கு இல்லை. மலத்தில் ரத்தம் வந்தாலும் 'மூலம்தான், சரியாயிடும்' என்று மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லணும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கட்டி பார்க்க பாலிப் மாதிரியே இருக்கும். அதனால் சாதாரண பாலிப் என்று நினைத்து வெட்டி எடுத்த பிறகு, பயாப்சியில்தான் உண்மை தெரியவருகிறது. உள் அடுக்கில் வளர்வதால் அடியில் மிச்சம் தங்கியிருக்கலாம். ரிப்போர்ட்டில் 'நியூரோஎண்டோகிரைன்' என்ற சொல் இருந்தால், வெட்டிய விளிம்பில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால், அந்த இடத்தை மீண்டும் எண்டோஸ்கோபி வழியாகவே எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.