விலகாத ஜவ்வு

முதுகுவலிக்காக ஸ்கேன் எடுத்துத் திரும்புபவர் தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் 'ஜவ்வு விலகியிருக்கிறது' என்பது. ஆங்கிலத்தின் 'ஸ்லிப்டு டிஸ்க்' என்ற சொல்லுக்கு நிகராக மக்கள் வழக்கில் நிலைத்த தொடர் இது. உடற்கூற்றியல்படி இரண்டுமே பிழை. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்தது. அது இடம்விட்டு நழுவுவதில்லை. அதன் வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ்ப்பொருள் பிதுங்கி, நரம்பு வேரை அழுத்துகிறது. ஆனால் 'விலகியது' என்று கேட்டவர் அதை யாராவது பழைய இடத்தில் வைக்கவேண்டும் என்றே எண்ணுவார். காத்திருப்பது அவருக்கு அலட்சியமாகத் தோன்றும். இந்நோயின் மருத்துவ வரலாற்றில் பெயர்கள் இவ்வாறு பலமுறை கத்திக்கு வழிகாட்டியிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதுகெலும்புக் கால்வாயிலிருந்து அறுவையாளர்கள் எடுத்த துண்டுகள் பலவும் 'குருத்தெலும்புக் கட்டி' என்றே பதிவாயின. 1932இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் மிக்ஸ்டர் அத்தகைய 'கட்டி' ஒன்றை அகற்றினார். அது கட்டிதானா என்று எலும்பு மருத்துவர் ஜோசப் பார் ஐயுற்றார். நுண்ணோக்கியில் ஒப்பிட்டபோது அது வட்டின் திசு எனத் தெரிந்தது. பழைய மாதிரிகளையும் மீளாய்ந்து, 19 நோயாளிகளின் விவரங்களோடு 1934 ஆகஸ்டில் இருவரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டனர். காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குக் கண்ணால் காணத்தக்க, கையால் அகற்றத்தக்க ஒரு காரணம் கிடைத்தது. பெரிய கண்டுபிடிப்பு, ஐயமில்லை. ஆனால் அறுவை மேசையில் தெரிவது அன்றைய நிலை மட்டுமே. அறுக்காமல் விட்டிருந்தால் ஓராண்டில் அது என்னவாகியிருக்கும் என்பதை அந்த மேசை சொல்லாது.

அக்கேள்வியை முறையாக எழுப்பியவர்களில் முதன்மையானவர் நார்வேயின் ஹென்ரிக் வெபர். 1983இல் வெளிவந்த அவரது ஆய்வில் 280 நோயாளிகள் இருந்தனர். அறுவை தேவையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத 126 பேர் மட்டும் குலுக்கல் முறையில் இரு பிரிவாயினர். ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்கள் தெளிவாக முன்னிலையில் இருந்தனர். நான்காம் ஆண்டில் அந்த வேறுபாடு புள்ளியியல் பொருளை இழந்தது. பத்தாம் ஆண்டிலும் நிலை பெரிதும் மாறவில்லை. அறுவை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது விரைவில் வலியைக் குறைக்கிறது. அந்த விரைவு வேண்டுமா என்பது நோயாளியின் முடிவு. சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறுதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் மேன்மேலும் வலுவிழத்தல் ஆகியவை கண்டால் மட்டும் காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பின்னாளில் வந்த எம்.ஆர்.ஐ. படங்கள், பிதுங்கிய பகுதியை உடல் தானே கரைத்துக்கொள்வதையும் பெரிய பிதுக்கங்களே பெரும்பாலும் அதிகம் சுருங்குவதையும் காட்டின. அதே படங்கள் வேறொரு சிக்கலையும் கொண்டுவந்தன. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டிலாவது புடைப்பு இருந்தது. படத்தில் உள்ளதெல்லாம் வலியின் காரணம் அன்று.

அறுவையற்ற சிகிச்சையும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 'கன்சர்வேட்டிவ்' என்ற சொல்லை அகராதி பார்த்துப் பெயர்த்தால் 'பழமைவாதச் சிகிச்சை' என்ற விபரீதம் கிடைக்கும். லத்தீன் வேரின் பொருளோ 'பேணிக் காத்தல்'. ஒருகாலத்தில் அது வாரக்கணக்கில் படுக்கை என்றே பொருள்பட்டது. 1986இல் ரிச்சர்டு டேயோ குழுவினர் 203 பேரிடம் நடத்திய சோதனையில், இரண்டு நாள் படுக்கை பரிந்துரைக்கப்பட்டவர்கள் ஏழு நாள் பரிந்துரைக்கப்பட்டவர்களைவிட 45 விழுக்காடு குறைவான வேலைநாட்களையே இழந்தனர். நடமாட்டமும் படிப்படியான உடற்பயிற்சியும் மருந்தாயின.

இவற்றையெல்லாம் தொகுத்து 1994 டிசம்பரில் அமெரிக்க அரசின் நலவாழ்வுக் கொள்கை, ஆய்வு முகமை ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அபாயக் குறிகள் இல்லாதபோது முதல் மாதத்தில் படம் தேவையில்லை, நடமாட்டத்தைத் தொடரலாம், அறுவை சிலருக்கே என்றது அது. குழுவின் தலைவர் ஸ்டான்லி பிகோஸ் தாமே எலும்பு அறுவை மருத்துவர் என்பதும் எதிர்ப்பைத் தணிக்கவில்லை. முதுகெலும்பு அறுவையாளர்கள் சிலர் நாடாளுமன்றத்தை நாடினர். 1995இல் கீழவை முகமையின் நிதியை முற்றாக நிறுத்தும் அளவுக்குச் சென்றது. முகமை பிழைத்தது, பெரும் நிதிவெட்டோடு. வழிகாட்டுதல் எழுதும் பணியை அது கைவிட்டது. 1999இல் அதற்கு வேறு பெயர் சூட்டப்பட்டபோது, 'கொள்கை' என்ற சொல் அப்பெயரில் இல்லை.