புகையிரதத்திற் சென்ற பிள்ளைகள்

அரசர் முடிசூடிய ஆண்டும் போர் நிகழ்ந்த களமும் வரலாற்று நூல்களிற் தவறாது இடம்பெறுகின்றன. பிறர் வீட்டு வாயிலில் ஏதிலியாய் நின்ற பிள்ளைகளின் கதையோ பெரும்பாலும் எழுதப்படாமலே போகின்றது. அவ்வாறு மறைந்த செய்தியைச் சில வேளைகளில் வரலாற்றாசிரியரிலும் நாவலாசிரியரே பொதுமக்கள் முன் கொணர்ந்து வைக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் 'அநாதைப் புகையிரதங்கள்' பற்றிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2013ஆம் ஆண்டில் கிறிஸ்ரினா பேக்கர் கிளைன் என்னும் அமெரிக்க எழுத்தாளர், 'அநாதைப் புகையிரதம்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு நாவலை வெளியிட்டார். அயர்லாந்திலிருந்து நியூயோர்க்கிற் குடியேறிய நீவ் என்னும் சிறுமி, தீவிபத்தின்பின் தனித்தவளாகி, 1929ஆம் ஆண்டில் மினசோற்றா மாநிலத்துக்கு அனுப்பப்படுகின்றாள். முதலில் ஏற்ற வீட்டார் அவளை டொறதி என அழைத்தனர். பின்னர் ஏற்றவர்களோ இறந்துபோன தம் மகளின் பெயராகிய விவியன் என்பதையே அவளுக்குச் சூட்டினர். ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர்கள்; அவற்றுள் பெற்றோர் இட்ட பெயரே முதலில் அழிந்தது. இந்நாவலைப் படித்த பலர், இத்தகைய புகையிரதங்கள் ஓடின என்பதையே அப்போதுதான் அறிந்தனர்.

கதை கற்பனையாயினும் அதன் அடித்தளம் வரலாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த வறிய குடிகளால் நியூயோர்க் நகரம் நிறைந்தது. வேலையின்மையும் நோயும் குடும்பங்களைச் சிதைக்க, பத்திரிகையும் தீக்குச்சியும் விற்றுத் தெருவிலே உறங்கிய பிள்ளைகள் பலராயினர். இவர்களின் நிலை கண்டு இரங்கிய சாள்ஸ் லோறிங் பிறேஸ் என்னும் சமயத் தொண்டர், 1853ஆம் ஆண்டிற் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். பெரிய விடுதிகளில் அடைத்து வளர்ப்பதிலும் ஒரு குடும்பத்தில் வாழ வைப்பதே பிள்ளைக்கு நன்று என்பது அவர் கொள்கை. மேற்குப் பகுதிக் கமக்காரருக்கோ உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. இவ்விரண்டும் பொருந்தியதே அத்திட்டத்தின் வளர்ச்சிக்குக் காரணம். அதன் குறைக்கும் அதுவே காரணமாயிற்று.

1854ஆம் ஆண்டில் ஏறத்தாழ 45 பிள்ளைகளைக் கொண்ட முதற் கூட்டம் மிச்சிகன் மாநிலத்தின் டொவாஜியாக் என்னும் சிற்றூரை அடைந்தது. அன்று தொடங்கி 1929ஆம் ஆண்டுவரை, 75 ஆண்டுகளில், பல நிறுவனங்களால் 2,00,000 முதல் 2,50,000 வரையிலான பிள்ளைகள் இவ்வாறு அனுப்பப்பட்டனர் என மதிப்பிடுவர். பிள்ளைகள் வருவதை முன்னரே அறிவித்து, ஊர்மண்டபத்திலோ தேவாலயத்திலோ அவர்களை வரிசையாக நிறுத்துவர். ஊரார் பார்த்துத் தெரிந்துகொள்வர். கைக்குழந்தைகளும் வலிய பையன்களும் விரைவில் இடம் பெற்றனர். எஞ்சியோர் அடுத்த ஊருக்குச் சென்றனர். உடன்பிறந்தோர் பலர் வெவ்வேறு ஊர்களில் இறங்கி, வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் காணாதிருந்ததும் உண்டு.

இங்கு ஓர் உண்மையை மறத்தலாகாது. 'அநாதைப் புகையிரதம்' என்னும் பெயரே நம்மை மயக்குவது. சென்றவர்களுட் பலருக்குத் தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமோ, உயிருடன் இருந்தனர். கணவனை இழந்த தாய் கூலியின்றித் தவித்ததும், தாயற்ற பிள்ளைகளைத் தந்தை காக்க இயலாது போனதுமே பிரிவுக்குக் காரணங்களாயின. அப்பிள்ளைகளை அநாதைகள் ஆக்கியது மரணமன்று, வறுமையே. நாவல் இவ்வரலாற்றின் வாயிலைத் திறந்து, பெயர் இழந்த பிள்ளையின் உள்ளத்தை நமக்குக் காட்டுகின்றது. ஆயின் அப்பெயரின் பின்னே மறைந்து நின்ற பெற்றோரைக் காட்டுவன ஆவணங்களே. ஒன்றை மற்றொன்று நிறைவு செய்தாலன்றி உண்மை முழுமையாகாது.

இத்திட்டத்தை முற்றும் தீயதெனத் தள்ளுவதும் நீதியாகாது. 1859ஆம் ஆண்டில் இந்தியானாவுக்கு அனுப்பப்பட்ட இரு சிறுவர்களுள் அன்ட்ரூ பேர்க் பின்னர் வட டக்கோற்றாவின் ஆளுநரானார். ஜோன் பிறேடி அலாஸ்காவின் ஆளுநரானார். அன்பு நிறைந்த இல்லங்களை அடைந்தோரும் பலர். எனினும் ஊதியமற்ற வேலையாட்களாக நடத்தப்பட்டோரும் இருந்தனர். பரந்த நிலப்பரப்பிற் சிதறி வாழ்ந்த பிள்ளைகளை ஒருசில முகவர் சென்று கண்காணித்தல் அரிதாயிற்று. ஒரு பிள்ளையின் வாழ்வு, அதனைத் தெரிந்தெடுத்த வீட்டாரின் குணத்தையே நம்பி நின்றது.

1909ஆம் ஆண்டிற் குடியரசுத் தலைவர் தியோடர் றூஸ்வெல்ற் வெள்ளை மாளிகையிற் கூட்டிய மாநாடு, வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தலாகாது எனத் தீர்மானித்தது. 1911ஆம் ஆண்டில் இலினோய் மாநிலம் வறிய தாய்மாருக்கு உதவிப்பணம் வழங்கச் சட்டம் இயற்றியது. 1912ஆம் ஆண்டிற் கூட்டாட்சி அரசு சிறுவர் நலனுக்கெனத் தனிப் பணியகம் அமைத்தது. பிள்ளையைக் காத்தற்கு முதல்வழி, அதன் தாயைக் காத்தலே என்னும் தெளிவு இவ்வாறு பிறந்தது.

கிளைனின் நாவலில் முதிய விவியனுக்குத் துணையாக வந்து, பரணிலுள்ள பெட்டிகளைத் திறப்பவள் மொலி என்னும் பழங்குடிப் பெண். அவளும் இருபத்தோராம் நூற்றாண்டில் வளர்ப்பு வீடுகள் பலவற்றில் மாறி மாறி வாழ்ந்தவளே. புகையிரதங்கள் நின்றுவிட்டன; வறுமை பிள்ளையையும் பெற்றோரையும் பிரிக்கும் கொடுமை நின்றுவிடவில்லை. ஆதரவற்ற பிள்ளையைக் காணும் சமுதாயம், 'இதற்கு யார் வீடு கொடுப்பார்' என வினவுமுன், 'இதன் வீடு ஏன் உடைந்தது' என வினவுதல் வேண்டும். மறந்துபோன அப்பிள்ளைகளின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.