ஆல்ஃபிரட் கட்டாத கல்லூரி

1377-ல் எட்மண்ட் பிரான்சிஸ் என்பவரும் அவர் மனைவி ஐடோனியாவும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த ஒரு சிறு கல்லூரியின் மீது வழக்குப் போட்டார்கள். கல்லூரி முன்பு கிரயம் வாங்கிய வீடுகளும் நிலமும் உண்மையில் தங்களுக்குச் சேர வேண்டியவை என்பது அவர்கள் கட்சி. கல்லூரிக்கு அடிவயிறு கலங்கியது. வாடகையை நம்பிச் சோறு தின்கிற நிறுவனம் அது. அந்தச் சொத்து போனால் வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். எதிராளிகளோ விடுவதாக இல்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

வழக்கமான நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று பயப்படுகிறவர் நேரே அரசரிடம் போகலாம் என்ற வழி அன்றைய இங்கிலாந்தில் இருந்தது. ஆனால் அரசர் எதற்காக ஒரு வீட்டு வழக்கில் தலையிட வேண்டும்? அவருக்கும் அந்தக் கல்லூரிக்கும் உறவு ஒன்று இருந்தாக வேண்டும். கல்லூரிக்காரர்கள் அதை உண்டாக்கினார்கள். 1380-களின் தொடக்கத்தில், சிறுவயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு பிரெஞ்சு மொழியில் ஒரு மனு எழுதினார்கள். இக்கல்லூரியை நிறுவியவர் மன்னருடைய மூதாதையான மாமன்னர் ஆல்ஃபிரட், ஆகவே இதைக் காப்பது மன்னரின் கடமை என்பது மனுவின் சாரம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் உற்சாகம் வந்துவிடுகிறது. பெரிய ஞானிகளான பீடும் பெவர்லி ஜானும் இந்தக் கல்லூரியில் படித்தவர்களே என்றும் சேர்த்தார்கள். ஆல்ஃபிரட் பிறந்தது 849-ல். பீட் இறந்தது 735-ல். பெவர்லி ஜான் அதற்கும் முன்பே, 721-ல், போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லூரியை நிறுவியவர் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே மாணவர்கள் படித்துப் பட்டம் வாங்கிவிட்டார்கள்!

கல்லூரியின் பெயர் யுனிவர்சிட்டி காலேஜ். மனு எழுதியவர்களின் கற்பனையையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் கல்விச்சாலைகளை ஆல்ஃபிரட்தான் தொடங்கினார் என்று ரனுல்ஃப் ஹிக்டன் போன்ற பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தையே அவர் தொடங்கினார் என்றால், பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரியை வேறு யார் தொடங்கியிருப்பார்? கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரின் பெயர் ஆங்கிலோ சாக்ஸன் வரலாற்றுக் குறிப்புகளில் முதன்முதலாக வருவதே ஆல்ஃபிரட் இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு என்பது அன்று யாரையும் உறுத்தவில்லை.

உண்மைக் கதை என்ன? அதில் மன்னர் கிடையாது, போர்க்களம் கிடையாது. துர்ஹம் வில்லியம் என்ற இறையியல் அறிஞர் 1249-ல் போப்பின் அவையிலிருந்து திரும்பும் வழியில் பிரான்சின் ரூவான் நகரில் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு 310 மார்க் எழுதிவைத்திருந்தார். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, மொத்தம் இருநூறு பவுண்டுக்குச் சற்று மேல். அந்தப் பணத்தில் சொத்து வாங்கி, அதன் வருமானத்தில் இறையியல் படிக்கும் முதுகலைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைப் பராமரிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அறக்கட்டளைப் பணத்துக்கு எந்த நாட்டிலும் நேர்வதுதான் இங்கும் நேர்ந்தது. 1253-ல் ஒரு வீடு வாங்கினார்கள், பிறகு இன்னும் சில. மிச்சப் பணத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டது. கடனாகக் கொடுத்ததில் கொஞ்சம் திரும்பி வரவேயில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1280-ல், ஒரு விசாரணை நடந்தது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு என்று எழுதிவைத்த பணம் இப்போது நால்வருக்குத்தான் காணும் என்று தெரிந்தது. தலைக்கு ஆண்டுக்கு 50 ஷில்லிங் என்று முடிவாயிற்று. அந்த விசாரணையின் முடிவில் எழுதப்பட்ட விதிமுறைகள்தான் கல்லூரியின் முதல் சட்டதிட்டம். மாமன்னர் கதையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சப்பென்று இருக்கிறது பாருங்கள். ஆனால் இதற்குக் காகிதம் இருக்கிறது. சரியாகச் சொன்னால், தோல் இருக்கிறது. அக்கால ஆவணங்கள் ஆட்டுத்தோலில் எழுதப்பட்டவை.

தமிழ்நாட்டுக் கோயில்களில் தலபுராணம் ஒன்று சொல்லும், அதே கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு வேறொன்று சொல்லும். யுனிவர்சிட்டி காலேஜிலும் அப்படித்தான். புராணம் அரசருக்கு அனுப்பிய மனுவில் இருக்கிறது. கல்வெட்டின் இடத்தில் இருப்பவை கல்லூரியின் சொந்தக் கணக்குச் சுருள்கள். 1381-82-ல் தொடங்கி 1596-97 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, அவை பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. வரவு செலவைக் கவனித்த பர்சர் என்ற அதிகாரி ஆண்டுதோறும் லத்தீனில் எழுதி ஒப்படைத்த கணக்கு அது. எந்த வீட்டிலிருந்து எவ்வளவு வாடகை வந்தது, எது காலியாகக் கிடந்தது, கூரை வேய்ந்தவருக்கு எவ்வளவு கொடுத்தது, வழக்குக்காக அலைந்ததில் என்ன செலவு என்றெல்லாம் வரிசையாக இருக்கும். கல்லூரி ஆவணக் காப்பாளராகப் பல்லாண்டு இருந்த ராபின் டார்வால் ஸ்மித் இந்தச் சுருள்களை 1999, 2001 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 2008-ல் கல்லூரியின் விரிவான வரலாற்றையும் எழுதினார்.

அந்த முதல் சுருளின் ஆண்டைக் கவனிக்க வேண்டும். மன்னருக்குப் பொய் மனு எழுதிய அதே காலம். ஒரு மேசையில் ஆல்ஃபிரட் உருவாகிக்கொண்டிருந்தார், பக்கத்து மேசையில் பர்சர் பென்னி பென்னியாக உண்மையை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன.

வழக்கு முடிந்தது. எட்மண்ட் பிரான்சிஸை ஊர் மறந்தது. ஆல்ஃபிரட் மட்டும் போகவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குள் அவர் ஊர்ப் பெருமையாகவே ஆகிவிட்டார். 1564-ல் எலிசபெத் அரசியார் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது, தங்கள் பல்கலைக்கழகமே ஆக்ஸ்ஃபோர்டைவிடப் பழையது என்று அவர் முன்னிலையில் பேசிவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தரப்பில் பதில் எழுதியவர் தாமஸ் கீஸ். யுனிவர்சிட்டி காலேஜின் தலைவர் அப்போது அவர்தான். அவருக்கு மறுப்பு எழுதிய கேம்பிரிட்ஜ்காரர் ஜான் கீஸ். இருவருக்கும் உறவில்லை, பெயர்தான் ஒன்று. ஒரு கீஸ் ஆல்ஃபிரடைக் காட்டினார். மற்றவர், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறாண்டுகள் முன்பே கேன்டபர் என்ற ஸ்பானிய இளவரசர் கேம்பிரிட்ஜை நிறுவினார் என்று ஒரே போடாகப் போட்டார். இருவரும் அக்காலத்தின் தேர்ந்த படிப்பாளிகள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

1603-ல் வில்லியம் கேம்டன் என்ற பெரிய வரலாற்றறிஞர், ஆல்ஃபிரடின் வாழ்க்கையை அவர் காலத்திலேயே எழுதிய அசர் என்ற பாதிரியாரின் நூலைப் பதிப்பித்தார். அதில் ஆல்ஃபிரடின் காலத்து ஆக்ஸ்ஃபோர்டு பற்றிய ஒரு பகுதி நுழைந்திருந்தது. அது இடைச்செருகல். கேம்டனின் பெயரே போதுமான அத்தாட்சி என்று பலரும் அதை நம்பிவிட்டார்கள்.

இனி நாம் 1722-க்கு வர வேண்டும். அந்த ஆண்டு கல்லூரித் தலைவர் ஆர்தர் சார்லெட் இறந்தார். அடுத்த தலைவர் யார் என்பதில் தாமஸ் காக்மன், வில்லியம் டெனிசன் என்று இரண்டு பேர் நின்றார்கள். இருவருமே தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொன்னார்கள். இப்படிப்பட்ட சண்டையைத் தீர்க்க ஒவ்வொரு கல்லூரிக்கும் விசிட்டர் என்று ஒருவர் உண்டு. கடைசி முடிவு சொல்லும் அதிகாரம் அவருக்கே. கல்லூரியை நிறுவியவர் யாரோ, அதைப் பொறுத்து விசிட்டர் யாரென்பது அமையும். துர்ஹம் வில்லியம் பணத்தைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார், ஆகவே பல்கலைக்கழகமே விசிட்டர் என்றது ஒரு தரப்பு. அங்கே டெனிசனுக்கு ஆதரவு இருந்தது. நிறுவியவர் மன்னர் ஆல்ஃபிரட், ஆகவே மன்னர்தான் விசிட்டர் என்றது காக்மன் தரப்பு. ஒரு பதவிச் சண்டையில் ஜெயிப்பதற்கு ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைத் தீர்மானித்தாக வேண்டிய நிலை.

1727-ல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் அதைத் தீர்மானித்தது. கல்லூரி அரச நிறுவனம், மன்னரே அதன் விசிட்டர் என்று தீர்ப்பாயிற்று. 1729-ல் காக்மன் தலைவராக உறுதி செய்யப்பட்டார்.

இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கொதித்த ஒருவர் யார்க்‌ஷயரில் மெல்சன்பி என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். வில்லியம் ஸ்மித் என்று பெயர். எழுபதைத் தாண்டியவர். ஒருகாலத்தில் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியின் ஆளும் உறுப்பினராக, இருந்தவர். அங்கே இருந்த ஆண்டுகளில் யாரும் சீண்டாத பழைய பத்திரங்களை எடுத்து, படித்து, வகைப்படுத்தி, கைப்படப் பிரதியெடுத்து வைத்தவர். அக்கல்லூரியின் ஆவணங்களை அவர் அளவுக்கு அறிந்தவர் அன்று வேறு யாருமில்லை. 1728-ல் நியூகாசிலில் ஒரு புத்தகம் அச்சிட்டார். யுனிவர்சிட்டி காலேஜின் ஆண்டுக்குறிப்புகள் என்று தொடங்கும் நீண்ட தலைப்பிலேயே, உண்மையான நிறுவனர் துர்ஹம் வில்லியம்தான் என்றும், ஆல்ஃபிரட் கட்சிக்காரர்களின் எல்லா வாதங்களுக்கும் இதோ பதில் என்றும் அறிவித்துவிட்டார். உள்ளே எட்மண்ட் பிரான்சிஸ் வழக்கையும், மன்னருக்குப் போன மனுவையும் எடுத்துப் பிரித்துப் போட்டார். கல்லூரியின் பொய்யைக் கல்லூரியின் பெட்டியிலிருந்தே நிரூபித்தார்.

ஸ்மித்தைச் சத்தியத்தின் தனி ஆளாக வரைந்துவிட ஆசை வரும். அது முழுப்படம் அல்ல. அவருடைய முடிவு, தோற்ற தரப்புக்கு வசதியான முடிவு. அவரும் அந்தச் சண்டையின் சூட்டிலேதான் எழுதினார். ஆனாலும் அவர் காட்டிய பத்திரங்கள் யார் கட்சியிலும் இல்லை. இன்றைய ஆய்வாளர்கள் அவரைக் கட்சிக்காரராகப் பார்ப்பதில்லை, கல்லூரி வரலாற்றின் முதல் ஆய்வாளராகவே வைத்திருக்கிறார்கள்.

பதிவேடு ஒன்று சொல்ல ஊர் வேறு சொல்லும் கதைக்கு இக்கல்லூரியில் பஞ்சமில்லை. சிற்றாலயத்துக்குப் பக்கம் போனால் சர் வில்லியம் ஜோன்ஸின் சலவைக்கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1766-ல் இங்கே ஃபெல்லோவானவர். பின்னாளில் கல்கத்தாவில் நீதிபதியாகி 1784-ல் ஆசியக் கழகத்தைத் தொடங்கியவர். அந்தச் சின்னம் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது. ஜோன்ஸ் நாற்காலியில் அமர்ந்து மேசையில் எழுதுகிறார். மூன்று பண்டிதர்கள் கீழே தரையில். இந்து, இஸ்லாமியச் சட்டங்களின் தொகுப்பை உருவாக்கியவர் என்று கல் அவரைப் புகழ்கிறது. இந்துச் சட்டத் தொகுப்பைச் சமஸ்கிருதத்தில் உண்மையில் தொகுத்தவர் வங்காளத்து முதுபெரும் பண்டிதர் ஜகந்நாத தர்க்கபஞ்சானனர். ஜோன்ஸ் அந்தப் பணிக்கு வித்திட்டார், மேற்பார்த்தார், மொழிபெயர்ப்பை முடிக்காமலே 1794-ல் இறந்துபோனார். அதை ஆங்கிலத்தில் முடித்தவர் கோல்புரூக் என்பவர். சிற்பத்தில் தரையில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை.

கவிஞர் ஷெல்லியின் கதையும் அப்படித்தான். நாத்திகத்தின் அவசியம் என்ற துண்டுப் பிரசுரத்தை எழுதியதற்காக ஆக்ஸ்ஃபோர்டு அவரைத் துரத்தியது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். 1811 மார்ச் 25 தேதியிட்ட கல்லூரிப் பதிவு வேறு மாதிரி பேசுகிறது. ஷெல்லியும் நண்பர் ஹாக்கும் தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பிடிவாதமாக மறுத்தார்கள், அந்தப் பிரசுரம் தங்களுடையதல்ல என்று சொல்லவும் மறுத்தார்கள், ஆகவே நீக்கம். குற்றம் கீழ்ப்படியாமை. நாத்திகம் என்ற சொல் அங்கே பிரசுரத்தின் பெயராக மட்டுமே வருகிறது. எச்சரிக்கையாக எழுதியிருக்கிறார்கள். பிரசுரம் தன்னுடையதல்ல என்று ஷெல்லி சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். 1893-ல் அதே கல்லூரி, கடலில் மூழ்கி இறந்த அந்த இளைஞனின் வெண்சலவைச் சிலையை வரவேற்று, அதற்கெனத் தனி மண்டபமும் எழுப்பியது. ரோம் நகரக் கல்லறைத் தோட்டத்துக்கென்று செய்த சிலை, அங்கே வைக்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தது.

வில்லியம் ஸ்மித்தின் புத்தகம் வந்து 144 ஆண்டுகள் கழித்து, 1872-ல், கல்லூரி தன் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. ஆல்ஃபிரட் 872-ல் நிறுவினார் என்ற கணக்குப்படி. அதற்குள் இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர்களில் அதை நம்பியவர் அநேகமாக ஒருவரும் இல்லை. விருந்து மட்டும் தடபுடலாக நடந்தது.

இன்று கல்லூரி தன் தொடக்கமாக 1249-ஐத்தான் சொல்கிறது. துர்ஹம் வில்லியத்துக்கு அவருடைய இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் விசிட்டர் இன்றும் பிரிட்டிஷ் அரசர்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் காக்மன் தரப்பு ஆல்ஃபிரடைக் காட்டி வாங்கித் தந்த உரிமை அது.