பட்டியலில் இடம்பெறாத அணி

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபாவில் உறுப்பினராக உள்ள சங்கங்கள் 211. ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினராக உள்ள நாடுகளோ 193. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்கும் இளைஞர் எவர்க்கும் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நாடுகளின் தொகையைவிட அணிகளின் தொகை மிகுந்திருப்பது எங்ஙனம்? ஸ்காட்லாந்தும் வேல்சும் தனி அரசுகள் அல்ல. ஆயினும் அவற்றுக்குத் தனி அணிகள் உண்டு. ஹாங்காங்குக்கு உண்டு. பாலஸ்தீனம் 1998இல் சேர்த்துக் கொள்ளப்பட்டது. கொசோவோவும் ஜிப்ரால்டரும் 2016இல் உள்ளே வந்தன. முன்னரே அமர்ந்தவர்க்கு இருக்கை நிலைத்தது. பிறகு வருவோரிடம் மட்டும், உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட தனியரசாக இருத்தல் வேண்டும் என்னும் விதி எடுத்துக் காட்டப்படுகிறது. விதி என்பது யார் முதலில் எழுதினாரோ அவர் பக்கம் சற்றே சாய்ந்துதான் நிற்கும் போலும்!

இப்பட்டியலுக்குப் புறத்தே நிற்கும் அணிகளுள் ஒன்று தமிழ் பேசும் அணி. தமிழீழக் கால்பந்து அணி என்பது அதன் பெயர். ஈழத் தமிழர் இவ்வாட்டத்தை உதைபந்தாட்டம் என்பர். அவ்வணியின் குறுகிய வரலாற்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. பட்டியல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. எந்தப் பெயரால் நம்மை எழுதுவது, எழுதுகோல் யார் கையில் இருப்பது என்னும் வழக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக நம் முன்னோர் நடத்தி வந்த வழக்கு. குடிக்கணக்கில் நம்மவரைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிய வேண்டும் என வலியுறுத்திய பண்டிதர் அயோத்திதாசர், 1898இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதற்கு நான்காண்டுகள் முன்னர், 1894இல், அடையாற்றில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியே நம் பகுதிப் பிள்ளைகள் பலர்க்கு முதல் எழுத்தறிவித்த இடம். அடையாற்றுக்கும் இலங்கைக்கும் நமக்குமிடையே உள்ள உறவு அத்துணைப் பழையது. ஆதலின் அக்கரையில் பிறந்த ஓர் அணியின் கதை நமக்கு அயலாரின் கதை ஆகாது.

ஏற்பில்லாமல் ஆடுவது உலகில் தமிழர் கண்டுபிடித்த புதுமையன்று. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பிரான்சு நாட்டுக் கழகங்களில் பெரும்பொருள் ஈட்டி ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர் சிலர் இரவோடிரவாக எல்லை கடந்து டூனிஸ் நகரையடைந்தனர். செயிந்த் எத்தியேன் கழகத்தின் ரஷீத் மெக்லூஃபி அவர்களுள் ஒருவர். மொனாக்கோ கழகத்தின் முஸ்தஃபா சிதூனி மற்றொருவர். அவ்வாண்டு ஜூனில் சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பையில் பிரான்சுக்காக ஆடும் வாய்ப்பு இவ்விருவர்க்கும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதனைத் துறந்து விடுதலை முன்னணியின் அணியை அமைத்தனர். ஃபிஃபா அவ்வணியை ஏற்கவில்லை. அதனோடு ஆடுவோர்க்குத் தண்டனை உண்டு என்றும் அச்சுறுத்தியது. எனினும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலும், அரபு நாடுகளிலும், சீனத்திலும், வியத்நாமிலும் அவ்வணி ஆடியது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அணியின் பெயரும் பட்டியலில் ஏறியது. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வென்ற அல்ஜீரிய அணிக்குப் பயிற்சி அளித்தோருள் மெக்லூஃபியும் இருந்தார். முதலில் ஆட்டம், பின்னரே ஏற்பு என்னும் முறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அத்தகைய அணிகளை ஓரிடத்தே கூட்டும் முயற்சி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 2003இல் புதிய கூட்டமைப்புகளின் வாரியம் ஒன்று தோன்றி, 2006இல் தென்பிரான்சின் ஒக்சித்தானியாவில் வீவா உலகக் கோப்பை என்னும் போட்டியை முதன்முதல் நடத்தியது. இறுதியாட்டத்தில் வட ஐரோப்பியப் பழங்குடியினராகிய சாமி மக்களின் அணி, மொனாக்கோ அணியை 21–1 என்று வென்றது. இதனைக் கேட்டு நகைப்போரும் உண்டு. ஆனால் பனிமான் மேய்த்து வாழ்ந்த ஒரு மக்கள், தம் மொழியைப் பள்ளியில் பேசத் தடைவிதிக்கப்பட்டிருந்த ஒரு மக்கள், தம் பெயர் பொறித்த சட்டையோடு கோப்பையைத் தூக்கிய நாள் அது. 2013இல் கோனிஃபா என்னும் புதிய கூட்டமைப்பு அமைந்தபோது, அதன் தலைவராக வந்தவரும் பனிமான் மேய்க்கும் சாமிக் குடும்பத்தில் பிறந்தவரே. பெர் ஆண்டர்ஸ் பிளிண்ட் என்பது அவர் பெயர்.

இனி நம் கதைக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உதைபந்தாட்டம் பள்ளி மைதானங்களில் வேரூன்றிக் கடற்கரைக் குடியிருப்புகளில் செழித்தது. குருநகர், பாஷையூர், நாவாந்துறை ஆகிய மீனவர் ஊர்களின் கழகங்கள் இன்றளவும் பெயர் பெற்றவை. பகல் முழுதும் கடலோடு போராடிய உடல், மாலையில் மணலில் பந்தோடு போராடும். நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் மாலை வேளையில் நடந்து சென்றோர்க்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1983 ஜூலைக் கொடுமைகளுக்குப் பின் போர் மூண்டது. 2009 மே திங்களில் அது முடிவுற்றபோது, பல்லாயிரவர் மாண்டிருந்தனர். பல இலட்சவர் கடல் கடந்திருந்தனர். டொராண்டோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஓஸ்லோ நகரங்களில் தமிழர் விளையாட்டுக் கழகங்கள் எழுந்தன. ஊர்ப்பெயரையும் பள்ளிப்பெயரையும் தாங்கி ஆண்டுதோறும் கோடை விழாக்களில் மோதிக்கொள்ளும் கழகங்கள் இவை. ஊரை இழந்தவன் ஊர்ப்பெயரை மார்பில் அணிந்து கொள்கிறான்.

இந்தப் புலம்பெயர் இளைஞரைக் கொண்டே 2012இல் தமிழீழ அணி அமைந்தது. அவ்வாண்டு ஜூனில், ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் நடைபெற்ற வீவா உலகக் கோப்பையே அதன் முதல் களம். ஒன்பது அணிகள் கலந்து கொண்டன. மேற்கு சகாராவும், தார்ஃபூரும், சான்சிபாரும் அவற்றுள் அடங்கும். இறுதியில் குர்திஸ்தான் வட சைப்பிரசை 2–1 என்று வென்று கோப்பையைத் தன்னிடமே வைத்துக் கொண்டது. தமிழர் அணிக்குக் கோப்பை கிட்டவில்லை. கிட்டும் என்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. வேறு வேறு நாட்டில் வேறு வேறு தொழில் புரிந்து, விடுப்பெடுத்து வந்து, ஒன்றாகக் கூடிப் பயிற்சி பெறப் பொழுதின்றிக் களமிறங்கும் பதினொருவர்க்கு, அரசின் பணமும் அரங்கும் பெற்ற அணிகளை வெல்வது எளிதன்று.

அடுத்த களம் 2014இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்ட் நகரம். கோனிஃபாவின் முதல் உலகக் கோப்பை அது. பன்னிரண்டு அணிகள் வந்தன. வலிமைமிக்க குர்திஸ்தானிடம் தமிழர் அணி பெருந்தோல்வி கண்டது. ஆனால் தார்ஃபூர் அணியை 10–0 என்று வென்றது. இவ்வெற்றியை நான் மகிழ்ச்சியோடு மட்டும் எழுத இயலவில்லை. சூடான் நாட்டின் தார்ஃபூரில் நிகழ்ந்த படுகொலைகளுக்குத் தப்பி, சாடு நாட்டின் அகதி முகாம்களில் வாழ்ந்தோரிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட அணி அது. முகாமின் புழுதியில் ஆடியவர்கள் ஐரோப்பாவின் பசும்புல் தரையில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டனர். ஆடிய ஆட்டங்களிலெல்லாம் கோல்மழை பொழிந்தது. போட்டி முடிந்தபின் அவ்வீரருள் சிலர் முகாமுக்குத் திரும்பாமல் சுவீடனிலேயே அடைக்கலம் வேண்டினர். போரில் சிதறிய ஒரு மக்களின் பிள்ளைகள், போரில் சிதறிய இன்னொரு மக்களின் பிள்ளைகளைப் பத்துக் கோல்களால் வென்றார்கள். ஆட்டம் என்றால் அதுதான். இரங்கி ஒரு கோலைக் குறைத்துக் கொள்வது எதிரணிக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

2018இல் லண்டனில் பதினாறு அணிகள் கூடின. சோமாலியாவின் பராவா நகரிலிருந்து பெயர்ந்து பிரிட்டனில் வாழ்வோரின் அணி விருந்தோம்பியது. திபெத் வந்தது, பஞ்சாப் வந்தது, ஜப்பானில் வாழும் கொரியர் வந்தனர். தமிழர் மிகுதியாக வாழும் நகரமாதலின் தமிழீழ அணிக்கு ஆர்ப்பரிப்போர்க்குக் குறைவிருக்கவில்லை. எனினும் குழு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் கிட்டவில்லை. கோப்பையை வென்றது உக்ரைனில் வாழும் ஹங்கேரியரின் கார்ப்பாத்தாலியா அணி. 2020இல் வட மாசிடோனியாவில் நடக்கவிருந்த போட்டி கொரோனாப் பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. ஏற்புடைய அணிகளுக்குக் கேடில்லை என்று எண்ணிவிடலாகாது. இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தையே 2023 ஜனவரியில் ஃபிஃபா இடைநீக்கம் செய்து, ஆகஸ்டில்தான் அத்தடையை நீக்கியது. அம்மாதங்களில் இலங்கை அணிக்கும் உலக அரங்கில் இடமில்லை.

இத்துணையும் வெளியார் தரும் ஏற்பைப் பற்றியது. உள்ளார் தரும் ஏற்பைப் பற்றியும் கேட்க வேண்டியது நம் கடமை. ஒரு மக்கள் உலகத்தாரை நோக்கி, எம்மைச் சமமாக எண்ணுங்கள் என்று உரைக்கும்போது, அம்மக்களுள் கீழே அழுத்தப்பட்டோர் அவர்களை நோக்கி அதே சொற்களைத் திருப்பி உரைக்க உரிமையுடையர். யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டோர்க்குத் தேநீர்க் கடையும் கோயிலும் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தும் கதவுகள் தாமே திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியும் உதையும் பட்ட பின்னரே வழி பிறந்தது. கே. டானியல் 1972இல் எழுதிய ‘பஞ்சமர்’ நாவலை நம் நூலகத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஊர் என்பதே சாதியோடு பிணைந்து கிடந்த மண்ணில், ஊர்ப்பெயர் தாங்கிய கழகம் மட்டும் அதனின்றும் முற்றிலும் விலகி நின்றிருக்கும் என நம்ப என் மனம் ஒப்பவில்லை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரோ பெரும்பாலும் நம் குலத்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனப் பங்கிட்டது. தராசில் வைத்து மக்களைப் பிரித்த அந்நாளில் அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

விளையாட்டு வீரனுக்குச் சாதி இல்லை என்பர். இருந்தது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் பல்வாங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஆங்கிலேயர் வியந்தனர். தம் நாட்டு அணியிலோ, அவருக்குத் தனி மட்கலயத்தில், அரங்குக்கு வெளியே தேநீர் அளித்தனர். தகுதியிருந்தும் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வரவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது வாய்த்தது. பாலு பின்னர் 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோருள் ஒருவர். நம் சென்னையின் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதே தாளில் கையெழுத்திட்டனர்.

மீண்டும் ஈழத்து உதைபந்துக்கு வருவோம். புலம்பெயர் அணியில் ஆடியோர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியுரிமை பெற்ற குடும்பத்தினர். அவர்கள் விரும்பினால் கனடாவுக்காகவோ நார்வேக்காகவோ ஆடவும் விதி இடங்கொடுக்கும். நம் தமிழ்நாட்டில் இருப்போரின் நிலை வேறு. 1983 தொட்டு இராமேசுவரக் கரையில் இறங்கியோர்க்காக அமைந்த முகாம்களுக்கு 2021இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறியது நன்றே. ஆனால் அங்கேயே பிறந்து, நம் அரசுப் பள்ளிகளில் பயின்று, நம் மாவட்டப் போட்டிகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு இந்தியக் குடியுரிமை இன்னும் வாய்க்கவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை. அம்முகாமில் சிறந்த ஆட்டக்காரன் ஒருவன் தோன்றினால், இந்தியக் கடவுச்சீட்டு இன்மையால் இந்திய அணியில் அவனுக்கு இடமில்லை. இலங்கையிலோ அவன் பிறப்பைப் பதிந்த பின்னரே குடிமகனாக எண்ணப்படுவான். பட்டியலில் இடம்பெறாத தமிழீழ அணி ஒன்றுதான் அவனைத் தடையின்றி வரவேற்கும். அவ்வணியின் ஆட்டங்களோ எர்பிலிலும் ஓஸ்டர்சுண்டிலும் லண்டனிலும் நடக்கின்றன. அங்கே செல்ல விமான நிலையத்தில் முதலில் கேட்பது கடவுச்சீட்டைத்தான்.