ஜொயிற்றா என்னும் மரக்கலம்

நேயர்களே, கடற்கரையில் வாழும் நம்மவர் நீருக்கடியில் மறைந்து கிடக்கும் கற்றிட்டைப் 'பார்' என்பர். அலைக்கு மேலே தலைகாட்டி நிற்கும் பாறையைக் கண்டு விலகிச் செல்லலாம். பாரையோ, அடிப்பலகை அதன்மேல் மோதும் ஒலி கேட்ட பின்னரே மாலுமி அறிகிறான். பசிபிக் மாகடலிலே இத்தகைய பவளப் பார் ஒன்றில் மோதி வாழ்வு முடிந்த ஓர் இயந்திர உல்லாசப் படகின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும். அதன் பெயர் ஜொயிற்றா. பாரில் மோதியது அதன் கடைசித் துன்பமே. அதனினும் பெரிய துன்பம் ஒன்று முன்னரே நேர்ந்துவிட்டது.

1931 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே, றோலண்ட் வெஸ்ட் என்னும் திரைப்பட நெறியாளருக்காக இப்படகு கட்டப்பட்டது. ஸ்பானிய மொழியிலே ஜொயிற்றா என்றால் 'சிறிய அணிமணி' என்று பொருள். நீளம் 69 அடி. ஓக் மரச் சட்டங்களின்மேல் இரண்டு அங்குலத் தடிப்புள்ள சீடர் மரப் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. செல்வரின் விளையாட்டுக் கலமாகப் பிறந்த அது, 1941 இல் அமெரிக்கக் கடற்படையினர் கைக்கு மாறி, ஹவாய்த் தீவுகளைச் சுற்றிக் காவல் புரிந்தது. போர் முடிந்தபின் அதனை வாங்கியோர் குளிர்பதனப் பெட்டகங்களை அமைத்து, உட்புறம் எங்கும் தக்கையைப் பதித்தனர். இந்தத் தக்கையை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். கதையின் முடிச்சு அதிலேதான் இருக்கிறது.

1955 ஆம் ஆண்டிலே ஜொயிற்றா சமோவாத் தீவின் ஆப்பியாத் துறைமுகத்தில் நின்றது. பிரித்தானியாவிற் பிறந்த மில்லர் என்பவர் அதன் தலைவர். ஆப்பியாவிலிருந்து 270 கடல் மைல் தொலைவிலுள்ள டொக்கிலாவுத் தீவுகளுக்கு மருந்தும் உணவும் மரமும் கொண்டுசென்று, கொப்பரா ஏற்றித் திரும்புவதே பயணத்தின் நோக்கம். கப்பலோட்டிகள் 16 பேரும் பயணிகள் 9 பேருமாக 25 பேர் ஏறினர். அவர்களுள் அரசாங்க அலுவலர் ஒருவரும், மருத்துவர் ஒருவரும், சிறுவர் இருவரும் இருந்தனர். ஒக்டோபர் 2 ஆந் திகதி நண்பகலிற் புறப்பட இருந்த படகு, இயந்திரம் ஒன்றின் கிளச் பழுதானமையால் தாமதித்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணியளவில், இரண்டு இயந்திரங்களுள் ஒன்று மட்டுமே ஓட, அது துறைமுகத்தை விட்டு அகன்றது. இரண்டு நாளில் முடியவேண்டிய பயணம். ஆனால் 5 ஆந் திகதி பகாஓபோத் தீவிற் காத்திருந்தோர் வெறுங் கடலையே கண்டனர்.

நியூசிலாந்து விமானப் படையின் விமானங்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் சதுர மைல் பரப்பைத் தேடின. ஒரு மரத்துண்டுதானும் அகப்படவில்லை. ஐந்து வாரங்கள் கழிந்து, நவம்பர் 10 ஆந் திகதி, துவாலு என்னும் வணிகக் கப்பல், குறித்த வழியிலிருந்து 600 மைலுக்கு மேல் மேற்கே, பிஜித் தீவுகளுக்கு வடக்கில், ஜொயிற்றாவைக் கண்டது. ஒருபுறம் சாய்ந்து, பாதி நீரில் அமிழ்ந்து, அது மிதந்து கொண்டிருந்தது. அதில் ஒருவரும் இல்லை.

படகை ஆராய்ந்தோர் கண்டவை பல. மிதவைகளும் சிறு தோணியும் காணப்படவில்லை. நான்கு தொன் சரக்கும், கப்பற் குறிப்பேடும், திசையறி கருவிகளும் போய்விட்டன. மருத்துவரின் பைக்குள் இரத்தக்கறை படிந்த கட்டுத்துணிகள் கிடந்தன. கடிகாரங்கள் 10.25 மணியில் நின்றிருந்தன. விளக்குகளின் ஆளிகள் போட்டபடியே இருந்தமையால் அஃது இரவு நேரமாதல் வேண்டும். எஞ்சிய எரிபொருளைக் கொண்டு கணக்கிட்டபோது, படகு ஏறத்தாழ 243 மைல் ஓடியிருந்தது என்பது தெரிந்தது. எனவே, சேரவேண்டிய தீவுக்கு 50 மைலுக்கும் குறைவான தொலைவிலேயே அவர்கள் அதனைக் கைவிட்டிருக்க வேண்டும்.

செய்தித்தாள்கள் கடற்கொள்ளையர் என்றும், அந்நிய மீன்பிடிக் கப்பல்கள் என்றும் பலவாறு எழுதின. ஆனால் படகைச் சுவாத் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்று நீரை இறைத்தபோது, உள்ளே நீர் பாயும் ஒலி கேட்டது. அவ்வொலியைத் தொடர்ந்து சென்றோர் காரணத்தைக் கண்டனர். இயந்திரத்தைக் குளிரச் செய்வதற்காகக் கடல்நீரைக் கொண்டுவரும் குழாய் ஒன்று அரித்துப்போயிருந்தது. படகின் உடல் நலமாகவே இருந்தது. தளப் பலகைகளின் கீழ் இருந்த அந்தக் குழாயின் பழுதே நீரை உள்ளே விட்டது. நீர் தளத்துக்கு மேல் ஏறும்வரை எவரும் அறிந்திருக்க முடியாது. அறிந்தபின் இறைக்க முயன்றாலும், வடிகட்டி இல்லாத பம்பிகளிற் குப்பை எளிதில் அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தின்மேல் மெத்தைகள் போடப்பட்டிருந்தமை, அவர்கள் இறுதிவரை போராடினர் என்பதைக் காட்டுகிறது.

இன்னொரு பழுது இதனினும் கொடியது. வானொலிக் கருவி, ஆபத்துக் காலத்து அழைப்புக்குரிய அலைவரிசையிலேயே திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் கருவிக்கும் வான்கம்பிக்கும் இடையிலுள்ள இணைப்பு அறுந்திருந்தது. அறுந்த இடத்தை வர்ணப்பூச்சு மூடியிருந்தது. அதனால் அக்கருவியின் குரல் இரண்டு மைலுக்கு அப்பாற் செல்லாது. யாரோ கேட்கிறார்கள் என்று நம்பி அவர்கள் அழைத்திருக்கலாம். அந்த அழைப்பு எங்கும் கேட்கப்படவில்லை.

1956 பெப்ரவரியில் ஆப்பியாவில் நடந்த விசாரணை, ஓர் இயந்திரத்துடனும் பழுதான வானொலியுடனும் ஆழ்கடலுக்குச் சென்றமைக்காக மில்லர்மீது பெரும் பழியைச் சுமத்தியது. பயணிகளை ஏற்றுவதற்கான அநுமதியும் அப்போது காலாவதியாகியிருந்தது. ஆயினும் அவர்கள் எவ்வாறு மறைந்தனர் என்பதை, உள்ள சான்றுகளைக் கொண்டு விளக்க இயலாது என்றே அவ்விசாரணை முடிந்தது.

இங்கேதான் தக்கையின் கதை வருகிறது. உட்புறம் முழுதும் தக்கை பதித்த படகு. அறையிலோ வெற்று எண்ணெய்ப் பீப்பாய்கள் பல. இவ்விரண்டும் சேர்ந்து ஜொயிற்றாவைத் தாழவிடாமல் தாங்கின. ஐந்து வாரம் அது மிதந்து கிடந்ததே அதற்குச் சான்று. படகை விட்டு நீங்காதிருந்தால் அவர்களுட் பலர் உயிர் தப்பியிருக்கலாம். இதனை மில்லர் அறிந்தவர். ஆகையால் அவர் தம் அறிவோடு இருந்திருப்பின் படகை விடச் சம்மதித்திரார் என்றும், அவர் காயமுற்றோ இறந்தோ போயிருக்க வேண்டும் என்றும் சிலர் கருதினர். அது கருத்தேயன்றி முடிந்த முடிபன்று. இருட்டில், இயந்திரம் நின்று, விளக்கு அணைந்து, கால் நனைய நீர் ஏறும்போது, 'இப்படகு தாழாது' என்ற சொல்லை நம்புதல் எவருக்கும் எளிதன்று.

எஞ்சிய கதை சுருக்கமானது. 1956 இல் ஏலத்தில் விற்கப்பட்ட படகு செப்பனிடப்பெற்று, பிஜித் தீவுகளிடையே மீண்டும் ஓடியது. 1957 இல் ஒருமுறை பயணிகளுடன் தரைதட்டியது. 1959 நவம்பரில் லெவுக்காவுக்கு அருகே பவளப் பாரொன்றில் ஏறியது. நீர் பெருகியபோது தானாக விடுபட்டு மிதந்தது. ஆனால் துறையை நோக்கிச் செல்கையில் உள்ளே நீர் நிறையத் தொடங்கியது. பம்பியை இயக்கினர், அதன் அடைப்பிதழ்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தமையால், நீரை வெளியே தள்ளவேண்டிய பம்பி உள்ளே நீரைச் சேர்த்தது! உரிமையாளரும் கைவிட்டனர். கரையிற் கிடந்த அம்மரக் கூட்டை றொபின் மோம் என்னும் ஆங்கில எழுத்தாளர் வாங்கி, 1962 இல் அதைப்பற்றி நூலும் எழுதினார்.

நேயர்களே, அரித்த குழாய், அறுந்த கம்பி, மாறிப் பொருந்திய அடைப்பிதழ் ஆகிய மூன்றும் துறைமுகத்தில் நின்றபோது கண்டு திருத்தக்கூடிய சிறு பழுதுகளே. கடலிலே அவற்றைத் திருத்த நேரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மாலுமி பாரைக் குறித்து அஞ்சுகிறான். அதற்கு வரைபடம் உண்டு, அவ்வூர் அறிந்தவர் சொல்லும் வழியும் உண்டு. தன் கலத்தினுள் மறைந்திருக்கும் பாருக்கோ, புறப்படுமுன் குனிந்து பார்க்கும் அவன் கண்ணைத் தவிர வேறு வரைபடம் இல்லை. 2012 இல் ஆப்பியாவிலும் பகாஓபோவிலும் அந்த 25 பேருக்கும் நினைவுக் கற்கள் நாட்டப்பட்டன. ஒன்று அவர்கள் புறப்பட்ட துறை. மற்றது அவர்கள் சேராத கரை.