க்ரை ஃப்ரீடம் - ஒரு நட்பும் ஒரு கொலையும்

நிறவெறிக் காலத்துப் படங்கள் பத்திப் பேச்சு வந்தா நான் முதல்ல சொல்றது 'க்ரை ஃப்ரீடம்' தான். 1987ல் வந்தது. 'காந்தி' எடுத்த அதே ரிச்சர்ட் அட்டன்பரோ, அதே திரைக்கதை ஆசிரியர் ஜான் ப்ரைலி. தென்னாப்பிரிக்க கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோவாக டென்ஸல் வாஷிங்டன், வெள்ளைக்காரப் பத்திரிகை ஆசிரியர் டொனால்ட் வுட்ஸாக கெவின் க்ளைன். ரெண்டு பேரும் நிஜ மனிதர்கள், நட்பும் நிஜம்.

சமீபத்தில் மறுபடியும் பார்த்தேன். முதல் தடவை மாதிரியே கண் கலங்கிச்சு. ஆனா இந்தத் தடவை ஒரு கேள்வியும் உறுத்திச்சு. பிகோ பாதிப் படத்திலேயே செத்துப் போறார். மிச்சப் படம் முழுக்க வுட்ஸ் குடும்பம் எப்படி நாட்டை விட்டுத் தப்பிச்சதுன்னு தான். அப்போ இது யாரோட கதை?

இதுக்குப் பதில் தேடணும்னா 1967க்குப் போகணும். அப்போ பிகோ டர்பனில் மருத்துவ மாணவர். கிரஹாம்ஸ்டவுன் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்க மாநாடு. எல்லா இனத்தவரும் உறுப்பினரா இருந்த, நிறவெறியை எதிர்த்த சங்கம் தான். ஆனா கறுப்பு மாணவர்கள் விடுதியில் தங்கக் கூடாதுன்னு பல்கலைக்கழகம் சொல்லிடுச்சு. மாநாட்டையே ஒத்தி வைங்கன்னார் பிகோ. எடுபடல. வெள்ளை நண்பர்கள் வருத்தம் தெரிவிச்சு ஒரு தீர்மானம் போட்டுட்டு, விடுதியிலேயே தங்கி மாநாட்டை நடத்தி முடிச்சாங்க. நல்லவங்க தான், ஆனா கட்டிலை விட்டு இறங்கல!

நம்ம வலியை நமக்காக இன்னொருத்தர் பேசிக்கிட்டே இருந்தா நாம எப்போ பேசறது? இந்தக் கேள்வியில் பிறந்தது தான் 'சாசோ' என்கிற தனி மாணவர் அமைப்பு. 1969ல் பிகோ அதுக்கு முதல் தலைவர். 'கறுப்பு உணர்வு' இயக்கம் வளர்ந்தது இங்கிருந்து தான்.

இதில் நம்மாளுங்களும் இருந்தாங்க. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் இறக்கிவிட்ட கரும்புத் தோட்டக் கூலிகள் 342 பேர். அதுக்கப்புறமும் கப்பல் கப்பலா வந்தவங்களோட பேரப்பிள்ளைகள் பலருக்கு டர்பன் தான் ஊர். நிறவெறி அரசு ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர்னு பிரிச்சு வச்சிருந்த மூணு பேரையும் சேர்த்துத் தான் 'கறுப்பர்'னு சொன்னது சாசோ. ஸ்ட்ரினி மூட்லி (நம்ம 'முதலியார்' தான் அங்கே 'மூட்லி' ஆச்சு), சதாசிவன் என்கிற சாத்ஸ் கூப்பர் ரெண்டு பேரும் இயக்கத்தின் முன்வரிசை ஆட்கள். 1975-76ல் பிரிட்டோரியாவில் நடந்த சாசோ வழக்கில் தண்டனை வாங்கி, மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறைக்கே போனாங்க. படத்தில் பிகோ கோர்ட்டில் சாட்சி சொல்ற காட்சி வருதே, அது இந்த வழக்கு தான். அடுத்த தடவை பார்க்கும்போது கூண்டில் நின்ன இவங்களையும் நினைச்சுக்குங்க.

இனி வுட்ஸ். 'ஈஸ்ட் லண்டன்' (இங்கிலாந்து இல்லை, தென்னாப்பிரிக்கத் துறைமுக ஊர்) நகரத்து 'டெய்லி டிஸ்பாட்ச்' ஆசிரியர். அரசை எதிர்த்து எழுதினவர். அதே கையால 'கறுப்பு உணர்வும் ஒருவகை இனவெறி தான்'னு பிகோ ஆட்களையும் வெளுத்து வாங்கினார். மம்பேலா ராம்பேலே என்கிற இளம் பெண் டாக்டர் நேரா ஆபீசுக்கே வந்து, 'ஆளைப் பார்க்காமலே எழுதறீங்களே'ன்னு சண்டை போட்டார். சரின்னு போய்ப் பார்த்தார் வுட்ஸ்.

பிகோ அப்போ தடை உத்தரவில் இருந்தார். 1973லிருந்து கிங் வில்லியம்ஸ் டவுனை விட்டு வெளியே போகக் கூடாது, ஒரு நேரத்தில் ஒருத்தரோட மட்டும் தான் பேசலாம், அவர் சொன்னதை யாரும் அச்சில் போடக் கூடாது. வுட்ஸ் அங்கே போனப்புறம் தான், தனக்குத் தெரியாத ஒரு நாடு பக்கத்திலேயே இருக்குன்னு புரிஞ்சது. ராம்பேலே நடத்தின கிராமத்து க்ளினிக்கைப் பார்த்தார். பத்திரிகையில் கறுப்பு நிருபர்களைச் சேர்த்தார். வாதம் பண்ணிப் பண்ணியே வளர்ந்த நட்பு இது.

1977 ஆகஸ்ட் 18, சாலைத் தடுப்பில் பிகோ கைது. போர்ட் எலிசபெத்தில் விசாரணையில் தலையில் பலத்த அடி. செப்டம்பர் 11 அன்று நிர்வாணமா, விலங்கோட லேண்ட்ரோவர் பின்பக்கத்தில் கிடத்தி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல தள்ளியிருந்த பிரிட்டோரியாவுக்குக் கொண்டு போனாங்க. மறுநாள் இறந்தார். வயசு 30. உண்ணாவிரதம் இருந்தார்னு அமைச்சர் க்ரூகர் கதை விட்டார்.

வுட்ஸ் விடலை. எழுதினார், கூட்டங்களில் பேசினார். அக்டோபர் 19ஆம் தேதி அவருக்கும் அஞ்சு வருஷத் தடை. அவரோட சின்னப் பொண்ணுக்கு தபாலில் வந்த டி-ஷர்ட்டில் தோலை எரிக்கிற ரசாயனம். டிசம்பர் 31 அன்று பாதிரியார் வேஷம் போட்டு லெசோத்தோவுக்குத் தப்பினார். 1978ல் 'பிகோ'ன்னு புத்தகம் வந்தது.

என் உறுத்தல் இது தான். 'எங்களுக்காக நீங்க பேசாதீங்க'ன்னு சொன்ன மனுஷனோட கதை, கடைசியில் வெள்ளை நண்பர் வழியாத் தானே உலகத்துக்குப் போச்சு? அதே சமயம் வுட்ஸைக் குறை சொல்லவும் மனசு வரலை. பேச உரிமை இருந்தவர், அந்த உரிமையையே பணயம் வச்சார். 1967ல் கட்டிலை விட்டு இறங்காதவங்களுக்கும் இவருக்கும் அது தான் வித்தியாசம். குறை அட்டன்பரோ கிட்ட தான் இருக்கு. மேற்கத்திய ரசிகனுக்கு வெள்ளை ஹீரோ வேணும்னு நினைச்சுட்டார். பிகோவோட பத்து வருஷ வேலையை விட வேலி தாண்டற டென்ஷனுக்கு அதிக நேரம் கொடுத்துட்டார்.

அதுக்காக படம் சாதாரணம்னு சொல்ல மாட்டேன். 1988 ஜூலையில் தென்னாப்பிரிக்கத் தியேட்டர்களுக்கு வந்ததும் போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் பண்ணிச்சு. தியேட்டரில் குண்டும் வெடிச்சது. அரசு அவ்வளவு பயந்த படம்!

1977 விசாரணையில் யார் மேலயும் தப்பில்லைன்னு தீர்ப்பு. 1999ல் உண்மை ஆணையம் போலீஸ்காரங்களுக்கு மன்னிப்பு மறுத்தது. ஆனாலும் யாருக்கும் தண்டனை இல்லை. 2025 செப்டம்பர் 12, சரியா 48 வருஷம் கழிச்சு, மரண விசாரணையை மறுபடியும் திறந்தாங்க.

படத்தைப் பார்க்காதவங்க பாருங்க. கடைசியில் காவலில் செத்தவங்க பேர்கள் ஓடும். பக்கத்திலேயே அரசு சொன்ன காரணம்... வழுக்கி விழுந்தார், ஜன்னலில் இருந்து விழுந்தார், தூக்குப் போட்டுக்கிட்டார். அந்த இடத்தில் எழுந்து போயிடாதீங்க.