பொத்தானின் விளிம்பு: பயனர் இடைமுகத் தோற்ற மாற்றங்கள்

1981இல் வெளிவந்த செராக்ஸ் ஸ்டார் கணினியின் திரையிலேயே கோப்புறை, ஆவணம் முதலிய அலுவலகப் பொருள்கள் படவுருக்களாக இடம்பெற்றன. 1984இல் மெக்கின்டாஷுக்காகச் சூசன் கேர் வரைந்த படவுருக்கள் 32×32 புள்ளிக் கட்டத்துள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. அச்சிக்கனத்தைக் கலைக்கொள்கை என்பதைவிட அன்றைய திரையின் வறுமை என்பதே பொருந்தும்.

வறுமை நீங்கியதும் மிகை தொடங்கியது. 2000இல் அறிமுகமான அக்வா இடைமுகத்தில் பொத்தான்கள் நீர்த்துளி போல் ஒளிர்ந்தன. ஐபேடின் நாட்காட்டி தைத்த தோலுறை பூண்டது. ஐபுக்ஸ் நூல்களை மரத்தட்டில் அடுக்கியது. இவையனைத்தையும் வெறும் அலங்காரம் என ஒதுக்குதல் சரியன்று. தொடுதிரைக்குப் பழகாதவர்க்கு, அழுத்தத்தக்கது எது என்பதை நிழலும் மேடுமே உணர்த்தின. தோல் தையலுக்கு அத்தகைய பயன் இருந்ததாகக் கூற இயலாது.

விண்டோஸ் ஃபோன் 7 (2010) நிழல்களைக் களைந்து எழுத்துருவையும் தட்டையான வண்ணக் கட்டங்களையும் முதன்மைப்படுத்தியது. 2013இல் ஐஓஎஸ் 7 தட்டைத் தோற்றத்தை ஏற்றபோது, பல பொத்தான்கள் விளிம்பிழந்து வண்ணச் சொற்களாகவே நின்றன. எது சொல், எது பொத்தான் என்னும் மயக்கம் நேர்ந்தது. 2014 மார்ச்சில் வந்த 7.1 பதிப்பு, பொத்தான் வடிவங்களைக் காட்டும் தெரிவை அணுகல்தன்மை அமைப்புகளுள் சேர்த்தது. விளிம்பு திரும்பியது, ஆயினும் அமைப்புகளுள் தேடி அறிந்தவர்க்கு மட்டும்.

அவ்வாண்டிலேயே கூகுளின் மெட்டீரியல் டிசைன், அடுக்கிய தாள்கள் என்னும் உருவகத்தின்வழி நிழலை மீட்டது. 2025இல் ஆப்பிளின் லிக்விட் கிளாஸ் கண்ணாடியின் ஒளிவிலகலைத் திரைக்குக் கொணர்ந்தது. பின்னணி ஊடுருவித் தெரிவதால் எழுத்து மங்குகிறது என்னும் குறை சோதனைப் பதிப்புகளின்போதே எழுந்தது, 26.1 பதிப்பில் ஒளிபுகுதலைக் குறைக்கும் தெரிவு தரப்பட்டது.